பேலன்ஸ்டு கேபிள்: டிஜிட்டலா, அனலாகா? – கேள்வி பதில்

கேள்வி: டிஏசியிலிருந்து (டிஜிட்டல் ஒலியை அனலாக் ஆக்கும் கருவி) பவர் ஆம்ப்ளிஃபயருக்கு எக்ஸ்எல்ஆர் (மூன்று பின் பேலன்ஸ்டு பிளக்) கேபிள் வாங்க வேண்டும். டிஜிட்டல் கேபிள், மைக் கேபிள் இரண்டிலும் மூன்று பின்தானே? எதை வாங்க?

பதில்: பின் இணைப்பு ஒன்றேதான்: 1 ஷீல்டு, 2 ஹாட் (சிக்னல்), 3 கோல்டு (cold, அதே சிக்னல் தலைகீழாக). வேறுபாடு உள்ளே ஓடும் கம்பியில். டிஜிட்டல் கேபிளில் இம்பீடன்ஸ் (ஓடும் சிக்னலுக்குக் கேபிள் காட்டும் எதிர்ப்பு) முழு நீளத்துக்கும் 110 ஓமாக இருக்கும்படி பார்த்துச் செய்கிறார்கள். மைக் கேபிளில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. உங்கள் இணைப்பில் போவது அனலாக் சிக்னல், இரண்டுமே நன்றாக வேலை செய்யும். மைக் கேபிள் வளைந்து கொடுக்கும், அதையே வாங்குங்கள்.

கேள்வி: ஸ்ட்ரீமரிலிருந்து (நெட்வொர்க்கிலிருந்து பாடலை எடுத்துத் தரும் கருவி) டிஏசிக்கு ஏஇஎஸ் (எக்ஸ்எல்ஆர் வழியே டிஜிட்டல் ஒலி அனுப்பும் முறை) இணைப்பு, 3 மீட்டர் மைக் கேபிள். 48 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட் (வினாடிக்கு 48,000 ஒலி மாதிரிகள்) உள்ள பாடல்கள் சுத்தமாக வருகின்றன. 192-இல் மட்டும் டிக் டிக் என்று வெட்டுகிறது. டிஏசி பழுதா சார்?

பதில்: முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள். இம்பீடன்ஸ் பொருந்தாத முனையில் சிக்னலின் ஒரு பகுதி எதிரொலியாகத் திரும்பி ஓடும். கேபிளில் மீட்டருக்குச் சுமார் 5 நானோவினாடி ஆகும். 3 மீட்டர் போய்வர 30. ஏஇஎஸ்-இல் மிகக் குறுகிய துடிப்பின் அகலம் 48-இல் 163 நானோவினாடி. எதிரொலி துடிப்பின் தொடக்கத்திலேயே விழுந்து அடங்கிவிடுகிறது. 192-இல் அந்த அகலம் வெறும் 41. இப்போது அதே எதிரொலி அடுத்த விளிம்பை ஒட்டி விழுகிறது, ரிசீவர் 0, 1 பிரிக்கத் தடுமாறுகிறது. "டிஜிட்டல்தானே, எந்தக் கம்பியும் போதும்" என்பது இங்கேதான் பொய்த்துப்போகிறது.

110 ஓம் கேபிளை ஒரே துண்டாகப் போடுங்கள். இரண்டு துண்டுகளை இணைத்தால் ஒவ்வொரு இணைப்பும் இன்னொரு எதிரொலிக்கு இடம். அதன் பிறகும் வெட்டினால் பிளக்கின் சால்டரிங்கைப் பாருங்கள்.

கேள்வி: 110 ஓம் கேபிள் என்று வாங்கினேன். மல்டிமீட்டரில் 0.2 ஓம்தான் காட்டுகிறது. போலியா?

பதில்: அதை வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. மல்டிமீட்டர் அளப்பது செம்பின் மின்தடையை. 110 என்பது கம்பித் தடிமன், இரு கம்பிகளின் இடைவெளி, இன்சுலேஷன் ஆகியவற்றால் வருவது. நீளம் கூடினாலும் மாறாது. மீட்டரால் பார்க்க வேண்டியது வேறு: 1-1, 2-2, 3-3 தொடர்ச்சி இருக்கிறதா, 1, 2, 3 தங்களுக்குள் ஒட்டாமல் இருக்கின்றனவா.

கேள்வி: ஸ்ட்ரீமரில் கோஆக்சியல் (ஆர்சிஏ என்ற ஒற்றைப் பின் பிளக்கில் வரும் டிஜிட்டல் வெளியீடு) மட்டும். ஆர்சிஏ-எக்ஸ்எல்ஆர் அடாப்டர் போட்டு ஏஇஎஸ் உள்ளீட்டில் செருகலாமா?

பதில்: கோஆக்சியல் 75 ஓம், சுமார் 0.5 வோல்ட். ஏஇஎஸ் அனுப்புவது 2 முதல் 7 வோல்ட். வெறும் கம்பி அடாப்டரில் சில டிஏசிகள் லாக் ஆகும் (சிக்னலைப் பிடித்துக்கொள்ளும்), சில ஆகாது. 75-110 டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர் இம்பீடன்ஸைப் பொருத்தும். வோல்ட் அளவைப் பெரிதாக உயர்த்தாது. டிஏசியில் கோஆக்சியல் உள்ளீடு இருந்தால் 75 ஓம் கேபிளை நேராக அதில் போடுங்கள்.

கேள்வி: ஹம் (ஸ்பீக்கரில் 'ம்ம்' என்று கேட்கும் இரைச்சல்) போகவென்று எக்ஸ்எல்ஆர்-ஆர்சிஏ கேபிள் மாற்றினேன், ஹம் அப்படியே இருக்கிறதே?

பதில்: ஒரு முனை ஆர்சிஏ என்றால் அந்த இணைப்பு பேலன்ஸ்டு இல்லை. இரு கருவிகளிலும் பேலன்ஸ்டு சுற்று இருந்தால்தான் 2, 3 இரண்டிலும் சமமாக ஏறிய இரைச்சல் கழிந்துபோகும்.