பிரெஞ்சு தெரிந்தவர்கள் கனடாவின் சின்ன ஊர் டே கேர் வேலைக்குப் போகலாமா?

கேள்வி: பிரெஞ்சு நன்றாகத் தெரியும், ப்ளே ஸ்கூலில் வேலை பார்த்திருக்கிறேன். கனடாவில் சின்ன ஊர்களில் பிரெஞ்சு டே கேர் ஆட்களுக்குக் கிராக்கி என்கிறார்கள். நம்பிப் போகலாமா?

வேலை கிடைக்கும், அதில் சந்தேகமே வேண்டாம். அதில் நீங்கள் நிலைப்பீர்களா என்பது உங்களுக்குத் தெரிந்த பிரெஞ்சு எந்த வகை என்பதைப் பொறுத்தது.

நான் பாண்டிக்காரி. வேலை பார்ப்பது ஒன்டாரியோ மாகாணத்தின் வடக்கே, டிம்மின்ஸ் நகரத்தையும் தாண்டி, 11ஆம் நெடுஞ்சாலையோரம் இருக்கும் ஒரு சிற்றூரில். பிரெஞ்சு என்றாலே கியூபெக் மாகாணம்தான் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். இந்தச் சாலையில் கபஸ்கேசிங், ஹர்ஸ்ட் என்று பிரெஞ்சு பேசும் ஊர்கள் வரிசையாக வருகின்றன. நூறு வருஷத்துக்கு முன் ரயில் பாதை போட்டபோது நிலத்துக்கும் மரம் வெட்டும் வேலைக்கும் கியூபெக்கிலிருந்து வந்தவர்களின் வாரிசுகள் இவர்கள். ஹர்ஸ்டில் பத்துக்கு எட்டு, ஒன்பது பேர் பிரெஞ்சு பேசுபவர்கள். எங்கள் ஊரில் அவ்வளவு இல்லை, பாதிக்குப் பாதி இருந்தாலே அதிகம். அங்கேதான் இந்த வேலையின் கஷ்டம் இருக்கிறது.

கனடாவின் 1982 உரிமைச் சாசனத்தின் 23ஆம் பிரிவுப்படி, கனடியக் குடியுரிமை உள்ள பெற்றோரில் ஒருவருக்குத் தாய்மொழி பிரெஞ்சாக இருந்தால் போதும், பிள்ளையைப் பிரெஞ்சுப் பள்ளியில் சேர்க்கலாம். காகிதத்தில் எல்லாம் சரி. ஆனால் அம்மா பிரெஞ்சு, அப்பா ஆங்கிலம், டிவி ஆங்கிலம் என்றால் வீட்டுப் பேச்சு எதுவாக இருக்கும்? நாலு வயதில் பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு அதுவரை பிரெஞ்சைக் காதில் போடுவது பெரும்பாலும் டே கேர்தான். இரண்டு வயதுப் பையன் கோப்பையை நீட்டி "மோர் மில்க்" என்பான். நான் "ஆன்கோர் து லே?" என்று கேட்டபடி ஊற்றுவேன். திருத்தக் கூடாது, பாலை நிறுத்தி வைத்துச் சொல்ல வைக்கவும் கூடாது. அவன் மறுபடி "மில்க்" என்பான், நான் மறுபடி "லே" என்பேன். மாதக்கணக்கில் இதே கதைதான். டொராண்டோவில் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் நம் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதனால்தான் சொல்கிறேன், குடியேற்றத்துக்காக எழுதும் டெஃப் என்ற பிரெஞ்சு மொழித் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கும் பிரெஞ்சு வேறு, தரையில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பேசும் பிரெஞ்சு வேறு. மூக்கைச் சிந்து, அவளைக் கடிக்காதே, இப்போது உன் முறை, எங்கே வலிக்கிறது என்பதெல்லாம் யோசிக்காமல் வாயில் வர வேண்டும். பாண்டியில் நான் படித்தது பாரீஸ் பிரெஞ்சு. இங்கே வழக்கு வேறு, ஆங்கிலமும் தாராளமாகக் கலக்கும். பழகிவிடும்.

பழகுவதற்குக் கஷ்டமானது பனிக்காலம்தான். ஆறு மணி நேரம், அதற்கு மேல் டே கேரில் இருக்கும் குழந்தையை, வானிலை இடம் கொடுத்தால், தினமும் இரண்டு மணி நேரம் வெளியே விளையாட விட வேண்டும் என்பது ஒன்டாரியோ விதி. இரண்டரை வயதுக்கு மேல் எட்டுப் பிள்ளைகளுக்கு ஒருவர் என்பது கணக்கு. அந்த எட்டுப் பேருக்கும் பனிக் கால்சட்டை, பூட்ஸ், கோட்டு, தொப்பி, கடைசியில் கையுறை. இந்த வரிசை மாறினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கோட்டை முன்பக்கம் மேலே தெரிய, கழுத்துப் பக்கம் பிள்ளையின் காலடியில் வருகிற மாதிரி தரையில் விரித்தால், குனிந்து கைகளை நுழைத்துத் தலைக்கு மேல் தூக்கிப் போட்டு அதுவே மாட்டிக்கொள்ளும். எட்டாவது பிள்ளை தயாராவதற்குள் முதல் பிள்ளைக்கு வேர்த்துவிடும். அப்போதுதான் யாராவது "பிப்பி" என்பார்கள். அவ்வளவுதான், எல்லாவற்றையும் கழற்ற வேண்டும்.

சம்பளம் பரவாயில்லை. டே கேர் கட்டணத்தை நாளொன்றுக்குச் சராசரி பத்து டாலருக்குக் கொண்டுவரும் அரசுத் திட்டம், பத்து டாலர் திட்டம் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அந்தத் திட்டத்தில் இருக்கும் டே கேர்களில் பதிவு பெற்ற கல்வியாளருக்கு 2025இல் மணிக்குக் குறைந்தது 24.86 டாலர். அதே ஆண்டிலிருந்து பெற்றோர் கட்டும் கட்டணத்துக்கு நாளொன்றுக்கு 22 டாலர் உச்சவரம்பு. கட்டணம் குறைந்ததும் எல்லோருக்கும் இடம் வேண்டும். ஆட்கள்தான் இல்லை. தயாராகி வருபவர்களைப் பள்ளிகளின் மழலையர் வகுப்புகள் இழுத்துக்கொள்கின்றன. அங்கே கோடை விடுமுறை உண்டு, சலுகைகளும் கூடுதல். ஒருவர் போனாலும் விகிதக் கணக்கு உதைக்கும், அறையையே மூட வேண்டி வரும். சின்ன ஊரில் இது உங்கள் தனி வாழ்க்கைக்குள்ளும் வரும். மளிகைக் கடையில் தக்காளி பொறுக்கும்போது பக்கத்தில் வந்து "என் பேத்திக்கு எப்போது இடம் கிடைக்கும்?" என்று கேட்பார்கள். காய்ச்சலில் லீவு போட்டால் எந்தெந்த அம்மாக்கள் வேலைக்குப் போக முடியாது என்பது உங்களுக்கே தெரியும். இங்கே வந்து சீக்கிரம் ஓய்ந்துபோகிறவர்கள் பெரும்பாலும் இதனால்தான் ஓய்கிறார்கள், குளிரால் அல்ல.

தகுதி விஷயம்: நம் ஊர் மாண்டிசோரி சான்றிதழை நீட்டினால் மட்டும் போதாது. ஒன்டாரியோவில் மழலையர் கல்வியாளர் என்ற பட்டத்தைப் போட்டுக்கொள்ளவே அந்தத் தொழிலை ஒழுங்குபடுத்தும் மன்றத்தில் பதிவு வேண்டும். வெளிநாட்டுப் படிப்பை அவர்கள் தனியாக மதிப்பிடுவார்கள். இல்லையென்றால் கொலேஜ் போரெயால் போன்ற பிரெஞ்சுக் கல்லூரியில் இரண்டு வருட டிப்ளமோ. குடியேற்றத்துக்கு 2025இல் தொடங்கிய பிரெஞ்சு சமூகக் குடியேற்ற முன்னோடித் திட்டத்தைப் பாருங்கள், டிம்மின்ஸ், சட்பரி இரண்டும் அதில் இருக்கின்றன. அப்புறம் கார் ஓட்டத் தெரியாமல் இந்தப் பக்கம் வரவே வராதீர்கள்.

நேர்காணலில் ஒன்று மட்டும் கேளுங்கள்: "ஒருவர் லீவு போட்டால் மாற்றுக்கு யார் வருவார்?" ஆள் பெயரைச் சொன்னால் சேருங்கள். "பார்த்துக்கொள்ளலாம்" என்றால் அடுத்த ஊரில் விசாரியுங்கள், அங்கேயும் ஆள் தேடிக்கொண்டுதான் இருப்பார்கள்.