பனிப்பூ மரம்: கேட்டவர்களுக்குப் பதில்

தென்னாப்பிரிக்காவில் ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவிலிருந்து ஓர் அம்மா: வெள்ளை நூல் குஞ்சம் தொங்குவதுபோல் பூக்கும் ஃபிரிஞ்ச் ட்ரீ இங்கே வளருமா ஐயா?

வளரும் அம்மா. உங்கள் பக்கத்து உறைபனி அதற்கு உகந்ததுதான். அமெரிக்காவில் மே, ஜூனில் பூப்பது, பருவம் தலைகீழான நமக்கு இங்கத்து வசந்தத்தின் பிற்பகுதியில் பூக்கும். மழைக்கு முந்தைய வறண்ட மாதங்களில் மட்டும் வேர் காயவிடாதீர்கள்.

இதன் பேரினம் கயோனாந்தஸ். கிரேக்கத்தில் ‘பனிப்பூ’ என்று பொருள். லின்னேயஸ் 1753இல் பதிவு செய்த பெயர். அழகுக்காக வளர்ப்பவை முக்கியமாக இரண்டு. அமெரிக்காவின் விர்ஜினிக்கஸ் பெரும்பாலும் 3 முதல் 6 மீட்டர் வரை, புதர்போல் விரியும். சென்ற ஆண்டுக் கிளையில் பூப்பதால், பூ உதிர்ந்த உடனே கவாத்து செய்யுங்கள்; குளிர்காலத்தில் வெட்டினால் அந்த ஆண்டுப் பூ போய்விடும். சீனா, கொரியா, ஜப்பானின் ரெட்டூசஸ் நல்ல மரமாகவே உயரும், புதுத் தளிரின் நுனியில் பூக்கும். கொரியர்கள் அதை ‘இப்பாப்’ என்கிறார்கள். கிளையெல்லாம் வெள்ளைச் சோறு குவித்தாற்போல் இருப்பதால் வந்த பெயர் என்பார்கள். மரம் நிறையப் பூத்தால் அந்த ஆண்டு விளைச்சல் நன்றாக இருக்கும் என்று அங்கே உழவர்கள் நம்பினார்கள். பொங்கல் வைக்கும் நமக்கு இதை விளக்க வேண்டுமா? என்னைக் கேட்டால் ரெட்டூசஸையே வையுங்கள்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தம்பி: டர்பனில்?

விர்ஜினிக்கஸை வைத்து ஏமாறாதே தம்பி, அதற்குக் குளிர் போதாது. இதே பேரினத்தில் நம் மண்ணின் மரமே இருக்கிறது: ஆஃப்ரிகான்ஸில் போக்-எய்ஸ்டர்ஹவுட், தாவரவியலில் ஃபோவியோலேட்டஸ். இலையைத் திருப்பிப் பார், நரம்பு பிரியும் இடங்களில் சின்னச் சின்னக் குழிகள் தெரியும். குஞ்சப் பூவை எதிர்பார்க்காதே. பூ சிறியது, ஆனால் மணக்கும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஓர் அண்ணன்: விர்ஜினிக்கஸ் விதை போட்டு ஓராண்டு ஆகிறது. முளையே இல்லை.

தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள் அண்ணே! முதல் வெப்பகாலத்தில் மண்ணுக்குள் வேர் மட்டும் விடும். பிறகு ஒரு குளிர்காலம் கழிந்த பின்தான் தண்டு மேலே வரும். இரண்டாண்டு ஆகலாம்.

அவரே: நண்பர் வீட்டு மரம் பூக்கிறது, காய்ப்பதில்லையே?

ஆண் மரமாக இருக்கும். பெரும்பாலும் ஆண், பெண் தனித்தனி மரங்கள். ஆண் மரத்தின் இதழ்கள் சற்று நீளம். பறவைகள் தேடி வரும் கருநீலப் பழம் பெண் மரத்தில்.

ஒரு மாணவி: மல்லிகைக்கு உறவாமே?

ஆமாம் அம்மா. மல்லிகை, பவளமல்லி, ஆலிவ், இது எல்லாம் ஒரே குடும்பம்.