சுபேதாரும் சார்ஜென்டும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: என் மகன் ராணுவத்தில் ஹவில்தார். ஹவில்தாரும் சுபேதாரும் ஒரே வகைதானா?

பதில்: இல்லை. லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தார் மூவரும் என்.சி.ஓ.க்கள், அதாவது ஆணை பெறாத, சிப்பாய்களிலிருந்து உயர்ந்த பதவியினர். நாயப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர் மூவரும் ஜே.சி.ஓ.க்கள், அதாவது என்.சி.ஓ.க்களுக்கு மேல், அதிகாரிகளுக்குக் கீழ் உள்ள இளநிலை ஆணை பெற்றவர்கள். ஹவில்தாரின் கையில் மூன்று பட்டை. சுபேதாரின் தோளில் இரண்டு நட்சத்திரம்.

இந்த இடை அடுக்கு பிரிட்டிஷ் இந்திய ராணுவம் விட்டுச் சென்றது. சிப்பாயின் மொழியும் வழக்கமும் வெள்ளை அதிகாரிக்குப் பிடிபடவில்லை. நடுவில் நின்று இரு பக்கமும் பேச ஒருவர் தேவைப்பட்டார். வைஸ்ராயின் ஆணை பெற்ற அவரே சுதந்திரத்துக்குப் பின் ஜே.சி.ஓ. ஆனார். இன்று அதிகாரியும் நம்மவர்தான். ஆனாலும் அந்தப் பதவியின் தேவை குறையவில்லை. புதிதாக வரும் 22 வயது லெப்டினன்ட்டுக்கு, இருபது வருடத்துக்கு மேல் சேவை செய்த சுபேதார் சல்யூட் அடிப்பார். லெப்டினன்ட்டோ அவரை 'சாப்' (ஐயா) என்றுதான் அழைப்பார். அந்த ஒரு சொல்லில் இருக்கும் மரியாதையை நான் மிகவும் மதிக்கிறேன்.

கேள்வி: அமெரிக்க சார்ஜென்டுக்கு மட்டும் ஏன் அவ்வளவு அதிகாரம்?

பதில்: சார்ஜென்ட் நம் ஹவில்தாரைப் போன்ற என்.சி.ஓ. அங்கே ஜே.சி.ஓ. அடுக்கே கிடையாது, அந்தச் சுமையும் சார்ஜென்டின் தோளில்தான். 1779-இல், அமெரிக்கப் படைக்குப் பயிற்சி தந்த ஜெர்மானியரான ஃபான் ஸ்டூபன் எழுதிய விதிநூலிலேயே சார்ஜென்டின் கடமைகள் தனியாக வகுக்கப்பட்டன. இன்று பதவி உயர்வோடு படிப்பும் சேர்ந்தே வரும். மூத்த சார்ஜென்டுகளுக்கென்றே டெக்சாஸின் ஃபோர்ட் பிளிஸ்ஸில் கல்விக்கூடம் இருக்கிறது.

கேள்வி: சோவியத் படையில் சார்ஜென்டின் நிலை என்ன?

பதில்: அதன் பெரிய பலவீனமே இதுதான். கட்டாய சேவைக்கு வந்த இளைஞனுக்குச் சில மாதப் பயிற்சி தந்து சார்ஜென்ட் ஆக்கினார்கள். தன் வயதுக்காரர்களை அவனால் அடக்க முடியவில்லை. மூத்த சிப்பாய்கள் புதியவர்களை வதைத்தார்கள். 1972-இல் 'பிராபர்ஷிக்' என்ற நிரந்தரப் பதவியைக் கொண்டுவந்தும் நிலைமை சீராகவில்லை. சார்ஜென்ட் செய்ய வேண்டிய வேலையை இளம் அதிகாரிகளே சுமந்தார்கள்.

கேள்வி: ஜவானாகச் சேர்ந்தவர் அதிகாரி ஆக முடியுமா?

பதில்: முடியும். தகுதியும் வயதும் பொருந்தினால் டேராடூன் ராணுவ கேடட் கல்லூரி வழியாகப் போகலாம். நீண்ட சேவை முடிக்கும் ஜே.சி.ஓ.க்களில் சிலருக்குக் கௌரவ லெப்டினன்ட், கௌரவ கேப்டன் பதவிகளும் கிடைக்கும். 1987-இல் சியாச்சினில் பாகிஸ்தான் காவல்நிலையைக் கைப்பற்றிப் பரம்வீர் சக்கரம் பெற்ற பானா சிங், அப்போது நாயப் சுபேதார். ஓய்வு பெறும்போது கௌரவ கேப்டன்.