தனுஷ்கோடித் தேவாலயம்: தாயாரை அழைத்து வரலாம்

வணக்கம். முழங்கால் வலியுள்ள தாயாரால் தனுஷ்கோடியின் பழைய தேவாலயத்தைப் பார்க்க இயலுமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக அழைத்து வாருங்கள். அரிச்சல்முனைக்குச் செல்லும் தார்ச்சாலையிலிருந்து சிறிது தூரமே மணலில் நடக்க வேண்டும். கைத்தாங்கலாக மெல்ல அழைத்துச் செல்லுங்கள். நிழல் அறவே இல்லாததால் குடையும் தண்ணீரும் அவசியம். மாலையில் காவல்துறையினர் வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதால் காலையிலேயே வந்துவிடுவது நல்லது.

காலையில் வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் ஊரே அழிந்த பின்னும் நிற்கும் இச்சுவர்கள், கடலிலிருந்து எடுத்த முருகைக்கற்களை, அதாவது பவளப்பாறைக் கற்களை, சுண்ணாம்புச் சாந்தில் பதித்துக் கட்டப்பட்டவை. பூச்சு உதிர்ந்த இடத்தில், சாய்வான இளவெயில் படும்போது கிட்டே நின்று பாருங்கள்: பவள உயிர்கள் வாழ்ந்த நட்சத்திர வடிவக் குழிகளும், மூளை மடிப்புகளைப் போன்ற நெளிவரிகளும் கல்லுக்குக் கல் வேறுபட்டுத் தெரியும். சிற்பி செதுக்காத இந்த வேலைப்பாட்டை நான் எந்தப் பெரிய பேராலயத்திலும் கண்டதில்லை. கூரையை இழந்த பீடத்தின் பின்சுவரையும் அம்மாவுக்குக் காட்டுங்கள்.

சுவரில் சாயவோ ஏறவோ வேண்டாம், கல் பொடிந்து உதிர்கிறது. உதிர்ந்த துண்டையும் அங்கேயே விட்டுவிடுங்கள்.