கல்லறைத் திருநாளுக்குப் போவது விக்கிரக ஆராதனையா?

நவம்பர் 2ஆம் தேதி கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றுவது விக்கிரக ஆராதனை என்கிறார்களே, போகலாமா கூடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் யாரோ புதிதாக ஒரு பெந்தெகொஸ்தே சபைக்குப் போக ஆரம்பித்திருக்கிறார் போல. எங்கள் வீட்டில் அது என் தம்பி.

தாராளமாகப் போங்கள். நவம்பர் 1 சகல புனிதர்கள் திருநாள், மோட்சம் சேர்ந்துவிட்டவர்களுக்கானது. அவர்களிடம் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்கிறோம். மறுநாள் சகல ஆன்மாக்கள் திருநாள். அன்று நம் வீட்டில் இறந்தவர்களுக்காக நாம் வேண்டிக்கொள்கிறோம். இதில் கல்லை யார் கும்பிட்டார்கள்? ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பிரான்சில் குளூனி மடத்து அதிபர் ஒடிலோ ஏற்படுத்திய வழக்கம் இது. "இறந்தவர்களுக்காக வேண்டுவது பைபிளில் எங்கே இருக்கிறது?" என்பார்கள் அந்தச் சபைக்காரர்கள். நம் கத்தோலிக்கப் பைபிளில் இரண்டாம் மக்கபேயர் 12ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அவர்கள் பைபிளில் அந்தப் புத்தகமே கிடையாது என்பதால் பேச்சு அதோடு முட்டிக்கொண்டு நின்றுவிடும். நான் வேதசாஸ்திரம் படித்தவன் இல்லை. கருத்துப் பகுதியில் வந்து என் மேல் வசனம் எறிய வேண்டாம்.

அப்பா ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அங்கேயே அடக்கம் செய்தோம். நாங்கள் இப்போது சேலம் நாலு ரோடு பக்கம் இருக்கிறோம். ஐப்பசி மழையில் மலைமேல் புல் இடுப்பளவு ஏறிவிடும், சிலுவை பச்சைப் பாசி பிடித்திருக்கும். முதல் நாளே போய்ப் புல்லை அறுத்து, தேங்காய் நாரால் பாசியைத் தேய்த்து, சுண்ணாம்பு அடித்து, மங்கிப்போன பெயருக்கு மெல்லிய பிரஷ்ஷால் கறுப்புப் பெயிண்ட் தொட்டு வைப்பது என் வேலை. அப்பாவின் 'ர்' புள்ளி மட்டும் ஒவ்வொரு முறையும் வழிந்துவிடும். இதைத்தான் விக்கிரக ஆராதனை என்கிறான் தம்பி, ஒருநாளும் அரிவாளைத் தொடாதவன்.

2025இல் அவன் வந்தான். அம்மாவுக்கு முட்டி வலி, கார் அவனுடையது. "வண்டி ஓட்டத்தான் வந்தேன், உள்ளே வரமாட்டேன்" என்று வாசலிலேயே நின்றான். ஆனால் சரிவில் அம்மா தடுமாறியதும் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து, கல்லறைப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தான். தூறல் விழுந்தது. மெழுகுவர்த்தியைக் கொட்டாங்குச்சிக்குள் வைத்தும் காற்றில் அணைந்துகொண்டே இருந்தது. ஒன்றும் பேசாமல் குடையை விரித்துப் பிடித்தான். பங்குச் சாமியார் கல்லறைகளை வரிசையாக மந்திரித்துக்கொண்டு வந்தபோது தீர்த்தம் அவன் சட்டையிலும் விழுந்தது. துடைக்கவில்லை. அம்மாவுக்குத்தான் குடை பிடித்தேன் என்று இன்றுவரை சாதிக்கிறான். அம்மாவின் நாற்காலி இருந்ததோ மூன்றடி தள்ளி!

அவனைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. பெந்தெகொஸ்தேகாரர்கள் எல்லோரையும் சொல்வதாகவும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் நெற்றி நிறைய விபூதியோடு வந்து ஊதுவத்தி கொளுத்திவிட்டுப் போகிறார். அவரிடம் யாரும் வசனம் கேட்பதில்லை, சாமியார் உட்பட.

எனக்கு உண்மையான கோபம் வேறு இடத்தில். அந்த ஆண்டு நவம்பர் 2 ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் சுற்றுலா வண்டிகள். வளைவில் நிறுத்திவிட்டு, மூடுபனியோடு படம் எடுத்துக்கொண்டு நிற்கிறார்கள். பின்னால் நிற்கும் பஸ்ஸில் செத்தவர் வீட்டுக்காரர்கள் பூசைக்கு நேரமாகிறது என்று தவிக்கிறார்கள். ஹாரன் அடித்தால் முறைக்கிறார்கள். யாருக்காகப் பூசை என்று சொல்லும் பூசைக் கருத்தில் அப்பா பெயரை வாசித்தபோது நாங்கள் இன்னும் வளைவில்தான் நின்றோம்.

நீங்கள் மலைக்குப் போவதாக இருந்தால் விடியலிலேயே ஏறிவிடுங்கள். சாமந்தியைச் சேலம் வ.உ.சி. பூ மார்க்கெட்டிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். கல்லறை வாசலில் அன்றைக்குச் சொல்கிற விலைக்கு வாங்க மனசு வராது.