ஒன்றரை லட்சம் கட்டினால் ஆறு மாதத்தில் சிஐஎஸ்எஸ்பி கிடைக்குமா?

காரைக்குடியிலிருந்து ஒரு தகப்பனார் கேட்கிறார்: "மகள் பி.காம். முடித்துவிட்டாள். சைபர் செக்யூரிட்டி படிக்க ஆசைப்படுகிறாள். ஆறு மாதத்தில் சிஐஎஸ்எஸ்பி சான்றிதழோடு வேலையும் வாங்கித் தருவதாகச் சொல்லி ஒரு கன்சல்டன்சி ஒன்றரை லட்சம் கேட்கிறது. கட்டலாமா?"

கட்டாதீர்கள்.

மகளின் ஆசையில் தப்பில்லை. ஒரு நிறுவனத்தில் எந்த ஃபைலை யார் திறக்கலாம், யார் திருத்தலாம், சர்வர் படுத்துவிட்டால் பேக்கப் எங்கே என்று கேட்டுச் சரிபார்க்கிற வேலைகளும் இந்தத் துறையில் உண்டு. தணிக்கை படித்த பெண்ணுக்கு அது நன்றாகவே வரும்.

ஆனால் சிஐஎஸ்எஸ்பி என்பது சைபர் செக்யூரிட்டியில் அனுபவசாலிகளுக்கான சான்றிதழ். அதற்கு இந்தத் துறையில் 5 வருட வேலை அனுபவம் வேண்டும். உங்கள் ஊர்ச் செட்டியார்கள் பர்மாவுக்கு லேவாதேவிக்குப் போன காலத்தில் எடுபிடியான பெட்டியடிப் பையனாக உட்கார்ந்து, உதவியாளரான அடுத்தாளாகி, அப்புறம்தானே கடையை நடத்தும் மேலாள் ஆனார்கள்? அதே கதைதான். ஒரு விலக்கு உண்டு. புரோக்கர்கள் விளையாடுவது அதை வைத்துத்தான். அனுபவம் இல்லாமலும் தேர்வு எழுதலாம். பாஸ் செய்தால் 'அசோசியேட்' என்ற பெயர் கிடைக்கும், அவ்வளவுதான். அனுபவத்தைச் சேர்க்க 6 வருடம் அவகாசம் தருவார்கள். அதுவரை பெயருக்குப் பின்னால் சிஐஎஸ்எஸ்பி என்று போட்டுக்கொள்ள முடியாது. தேர்வில் பாஸ் ஆவது வேறு, சான்றிதழ் வேறு.

வாசலில் தொங்கும் 'ஐஎஸ்ஓ 9001' போர்டுக்கும் மயங்காதீர்கள். அது நிர்வாக முறைக்குக் கொடுப்பது, படிப்புக்கான அங்கீகாரம் அல்ல. 'மாதத் தவணை' என்று நீட்டும் தாளைக் கடைசிப் பக்கம் வரை படியுங்கள். பல இடங்களில் அது ஃபைனான்ஸ் கம்பெனிக் கடன். உங்கள் பெயரில், உங்கள் பான் நம்பரோடு இருக்கும். மகள் பாதியில் நின்றாலும் தவணை நிற்காது. ஒரிஜினல் மார்க் ஷீட்டைக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். புதிதாக வருகிற பிள்ளைகளிடமே மூன்று வருட அனுபவம் கேட்கும் நிறுவனங்கள்தான் இந்தப் புரோக்கர்களை வளர்த்துவிடுகின்றன.

என்பிடெல் தளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் பாடங்கள் இலவசம். தேர்வு எழுதினால்தான் கட்டணம். அதை முடித்தபின் செக்யூரிட்டி பிளஸ் என்ற தொடக்கநிலைச் சான்றிதழ்த் தேர்வை எழுதட்டும். அதற்கு அனுபவம் கட்டாயமில்லை.

அதற்கு முன், தெரிந்தவர் கடையில் சொல்லிவிட்டு, டேலியில் கணக்கு எழுதும் கம்ப்யூட்டர் முன் ஒருநாள் உட்காரச் சொல்லுங்கள். பாஸ்வேர்டு எத்தனை பேருக்குத் தெரியும், பில் போடுகிறவரே அதை அழிக்கவும் முடிகிறதா, பேக்கப் அதே கம்ப்யூட்டரிலேயே கிடக்கிறதா என்று ஒரு நோட்டில் எழுதட்டும். இன்டர்வியூவில் அதைப் பற்றிப் பேசலாம். கடையின் பெயரை மட்டும் எங்கேயும் எழுத வேண்டாம்.