மாநாட்டுக்குப் போய் வந்தாச்சு; நம்ம ஊர்க்காரர்களுக்கு எப்படிச் சொல்வது?

கேள்வி: பாளையங்கோட்டையில் முப்பது பேர் வேலை பார்க்கும் சாஃப்ட்வேர் கம்பெனியில் டீம் லீடாக இருக்கிறேன். போன மாதம் பெங்களூரில் மூன்று நாள் அஜைல் (சாஃப்ட்வேர் வேலையைச் சிறு சிறு பகுதியாக முடித்து, காட்டி, திருத்திக்கொண்டே போகும் முறை) மாநாட்டுக்கு கம்பெனி செலவில் போய் வந்தேன். நோட்டு நிறையக் குறிப்புகள். ஆபீஸில் ஒரு மணி நேரம் ஸ்லைடு போட்டுச் சொன்னேன். எல்லாரும் கேட்டார்கள், மறுநாள் ஒன்றும் மாறவில்லை. இப்போது வண்ணார்பேட்டை, ஜங்ஷன் பக்கம் சின்னக் கம்பெனிகளில் இருப்பவர்கள், வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனிகளுக்கு வேலை செய்பவர்கள், இரண்டு கல்லூரி ஆசிரியர்கள் என இருபத்தைந்து பேரை ஒரு சனிக்கிழமை கூட்ட நினைக்கிறேன். எதிலிருந்து தொடங்குவது? தமிழில் பேசினால் சரிவருமா? 'இதெல்லாம் பெரிய கம்பெனிக்குத்தான்' என்பவர்களுக்கு என்ன சொல்வது?

பதில்: சனிக்கிழமைத் தேதியை இப்போதே குறிக்காதீர்கள். முதலில் உங்கள் டீமிலேயே ஒரே ஒரு பாடத்தை இரண்டு வாரம் நடத்திப் பாருங்கள். அதில் கிடைத்ததைக் கையில் வைத்துக்கொண்டு ஆள் கூப்பிடுங்கள். என் பதிலில் பாதி இதுதான்.

மாநாட்டு மேடையில் ஒருவர் நாற்பது நிமிடம் பேசுவது, அவருடைய டீம் மாதக்கணக்கில் முட்டி மோதிக் கண்டுபிடித்த விடை. அந்த டீமுக்கு அந்தக் கேள்வி இருந்தது, அதனால் விடை ஒட்டிக்கொண்டது. உங்கள் ஆபீஸில் கேட்டவர்கள் இரண்டு டிக்கெட்டுக்கு (பதிவு செய்து ஒதுக்கிய வேலைக்கு) நடுவே எழுந்து வந்தவர்கள். அவர்களுக்கு விடை மட்டும் வந்து சேர்ந்தது, கேள்வி வரவில்லை. எனக்கும் இது நடந்திருக்கிறது. முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், மாநாட்டிலிருந்து திரும்பிய வேகத்தில் சுவர் முழுக்க போர்டு, கலர் கலராய் அட்டை, புது மீட்டிங் என்று ஒரே திங்கட்கிழமையில் எல்லாவற்றையும் மாற்றினேன். மூன்றாவது வாரம் அட்டைகளை யாரும் நகர்த்தவில்லை. நிலைத்தது ஒன்றுதான்: டெஸ்டிங் செய்பவரின் நாற்காலியை டெவலப்பர்களுக்குப் பக்கத்தில் போட்டது. ஏனென்றால் 'பக் என்னன்னு கேட்க மாடிக்கு ஓட வேண்டியிருக்கு' என்று அவர்களே பல நாளாகப் புலம்பிக்கொண்டிருந்தார்கள்.

சரி, எந்தப் பாடத்தை எடுப்பது? என் தேர்வு, கையில் திறந்து கிடக்கும் வேலைகளைக் குறைப்பது. நீங்கள் போன மாநாட்டிலும் கான்பான் பற்றி, அதாவது திறந்திருக்கும் வேலைகளுக்கு வரம்பு வைக்கும் முறை பற்றி, யாராவது பேசியிருப்பார்கள். டொயோட்டா தொழிற்சாலையில் தாயிச்சி ஓனோ வளர்த்த முறையிலிருந்து சாஃப்ட்வேருக்கு வந்தது அது. அதன் அடியில் இருக்கும் கணக்கு எளிது. ஜான் லிட்டில் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1961-இல் நிரூபித்த விதிப்படி, கையில் இருக்கும் வேலைகளின் எண்ணிக்கையை வாரத்துக்கு முடியும் வேலைகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலை முடியச் சராசரியாக எத்தனை வாரம் ஆகும் என்பது வந்துவிடும். வாரம் 5 டிக்கெட் முடிக்கும் டீம் 20 டிக்கெட்டைத் திறந்து வைத்திருந்தால் ஒவ்வொன்றும் சராசரியாக 4 வாரம் இழுக்கும். முடிக்கும் வேகம் அப்படியே இருக்க, திறந்திருப்பதை 10 ஆக்கினால் 2 வாரம். யாரும் கூடுதலாக ஒரு மணி நேரம்கூட உட்கார வேண்டாம். வேலை ஓரளவு சீராக வந்து போகும் டீமில், நீண்ட நாள் சராசரிக்குத்தான் இந்தக் கணக்கு பொருந்தும், அதையும் சொல்லிவிடுங்கள்.

உங்கள் டீமில் 'ஒருத்தர் கையில் ஒரே நேரத்தில் இரண்டு டிக்கெட்டுக்கு மேல் கூடாது' என்று மட்டும் வையுங்கள். ஒவ்வொரு டிக்கெட்டும் தொடங்கிய தேதி, முடிந்த தேதி இரண்டையும் ஒரு ஷீட்டில் குறியுங்கள். இடையில் கிளையன்ட் போன் செய்து 'இது அர்ஜென்ட்' என்பார், விதி உடையும். ஒருவர் கை காலியாகி உட்கார்ந்திருப்பார், அதைப் பார்க்க மேனேஜருக்கு மனசு கேட்காது. இவை எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். கூட்டத்துக்கு வருபவர்கள் முன்னால் சாய்ந்து கேட்கப்போவது இந்தப் பக்கத்தைத்தான்.

இனி சனிக்கிழமைக்கு வருவோம். காலை பத்து மணிக்கு முன்னால் வேண்டாம். அமெரிக்கக் கிளையன்ட்டுக்கு வேலை பார்ப்பவர்கள் வெள்ளிக்கிழமை ராத்திரி தூங்க நேரமாகும். முகூர்த்த நாளா என்று காலண்டரைப் பார்த்துவிடுங்கள், நம்ம பக்கம் பாதிப் பேர் கல்யாண வீட்டில் இருப்பார்கள். பெஞ்சு தரையோடு பொருத்தியிருக்கும் கல்லூரி அரங்கை விட, நாற்காலியை இழுத்துப் போட முடிகிற சாதாரண அறை நல்லது.

ஸ்லைடே இல்லாமல், நாணய விளையாட்டில் தொடங்குங்கள். ஒரு ரூபாய் நாணயம் 20. மேசையில் வரிசையாக நாலு பேர், கடைசியில் கிளையன்ட்டாக ஒருவர், கையில் போன் வைத்து நேரம் பார்க்க ஒருவர். முதல் சுற்றில் ஒவ்வொருவரும் 20 நாணயத்தையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுவிட்டு மொத்தமாக அடுத்தவரிடம் தள்ள வேண்டும். இரண்டாம் சுற்றில் ஐந்தைந்தாக, மூன்றாம் சுற்றில் ஒன்றொன்றாக. ஒரு நாணயத்தைத் திருப்ப ஒரு நொடி என்று வைத்துக்கொண்டால், முதல் சுற்றில் கிளையன்ட் கைக்கு எதுவும் வர 80 நொடி. ஐந்தைந்தாகத் தள்ளும்போது முதல் ஐந்து 20-ஆவது நொடியில் வரும், எல்லாம் 35 நொடியில் முடியும். ஒன்றொன்றாகப் போனால் முதல் நாணயம் 4 நொடியில், மொத்தமும் 23 நொடியில். நிஜக் கைகளில் நொடிகள் முன்பின் ஆகும், போக்கு மாறாது.

இங்கே அவசரப்பட்டு அடுத்ததுக்குப் போய்விடாதீர்கள். ஒவ்வொருவரும் தன் முதல் நாணயத்தைத் தொட்டதிலிருந்து கடைசி நாணயத்தை விட்டது வரை எவ்வளவு நேரம் என்பதையும் குறிக்கச் சொல்லுங்கள். அது மூன்று சுற்றிலும் பெரிதாகக் குறைந்திருக்காது. சிலருக்குக் கூடியே இருக்கும், அடுத்த நாணயத்துக்குக் காத்திருப்பார்கள் அல்லவா. ஆனாலும் கிளையன்ட்டுக்கு முன்னைவிடச் சீக்கிரம் கிடைத்துவிட்டது. ஒவ்வொருவரும் எவ்வளவு மும்முரமாக இருக்கிறார்கள் என்றே பார்த்துக்கொண்டிருக்கும் மேனேஜர் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தால், அவருக்கே அது புரியும். அந்த நேரத்தில் உங்கள் இரண்டு வார ஷீட்டை எடுத்துக் காட்டுங்கள், கணக்கு சரியாக வராத இடங்களையும் சேர்த்து.

அப்புறம் மீதி நேரத்தை வந்தவர்களிடமே கொடுத்துவிடுங்கள். 2009-இல் சியாட்டில் நகரத்தில் ஜிம் பென்சன், ஜெரெமி லைட்ஸ்மித் இருவரும் தொடங்கிய 'லீன் காபி' முறை இதற்குக் கச்சிதம். ஆளுக்குச் சில துண்டுச் சீட்டு, தன் டீமில் உறுத்தும் விஷயம் ஒன்றை எழுதி மேசையில் வைக்க வேண்டும். ஒவ்வொருவரும் இரண்டு சீட்டில் புள்ளி வைக்கலாம். அதிகப் புள்ளி வாங்கியதில் ஆரம்பித்து, ஒன்றுக்கு எட்டு நிமிடம். மணி அடித்ததும் கட்டைவிரல் காட்டி, தொடரவா அடுத்ததா என்று முடிவு. நாம் டீக்கடை பெஞ்சில் செய்வதுதான், கடிகாரம் மட்டும் கூடுதல்.

பேசுவதற்கு முன்னால் எழுத வைப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். நம்ம ஊரில் மூத்தவரை அண்ணாச்சி என்றும் சார் என்றும் கூப்பிட்டுப் பழகிய பையனோ பொண்ணோ, அவர் ஒன்று சொல்லி முடித்த பிறகு அதற்கு மாறாக வாய் திறக்க மாட்டார்கள். மரியாதை நல்லதுதான், அதை மாற்றச் சொல்லவில்லை. சீட்டில் பெயர் இருக்காது, அதனால் வேலையில் சேர்ந்து ஆறு மாதம் ஆனவரின் சந்தேகமும் அண்ணாச்சியின் சந்தேகமும் மேசையில் ஒரே மாதிரிதான் கிடக்கும்.

தமிழில் பேசலாமா என்று கேட்டிருந்தீர்கள். தமிழில்தான் பேச வேண்டும். ஸ்பிரிண்ட் (குறுகிய வேலைச் சுற்று), பேக்லாக் (செய்ய வேண்டியவற்றின் பட்டியல்), ரெட்ரோ (சுற்று முடிந்ததும் திரும்பிப் பார்க்கும் கூட்டம்), டெமோ (முடித்ததைக் காட்டுவது) எல்லாம் ஆபீஸில் புழங்கும் சொற்கள், அவற்றுக்குத் தமிழ்ச்சொல் தேடி நேரம் போக்க வேண்டாம். சுற்றியுள்ள விளக்கம் தமிழில் இருக்கட்டும். எதற்காகக் குட்டிக் குட்டி ஸ்பிரிண்ட் என்று கல்லூரி ஆசிரியர் கேட்டால், ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேர் நகர்வதை நினைவுபடுத்துங்கள். அவ்வளவு பெரிய தேரை ஒரே இழுப்பில் கொண்டுபோய் முக்கில் திருப்புவதில்லை. முட்டுக்கட்டை போடுபவர்கள் சக்கரத்தோடு கூடவே நடந்து, கொஞ்சம் நகர்ந்ததும் பார்த்து, கட்டையை மாற்றிப் போட்டுத் திசையைச் சரிசெய்துகொண்டே வருகிறார்கள். முன்னால் வடம் பிடிப்பவர்களுக்குச் சக்கரம் தெரியாது. பக்கத்தில் இருப்பவருக்குத்தான் தெரியும். டெவலப்பரும் டெஸ்டரும் சொல்வதை ஏன் வாராவாரம் கேட்க வேண்டும் என்பதும் இதிலேயே விளங்கிவிடும்.

'பெரிய கம்பெனிக்குத்தான்' என்பது வரலாற்றுக்கே நேர்மாறு. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் 17 பேர் கூடி எழுதியதுதான் அஜைல் அறிக்கை. நாலு மதிப்புகள், பன்னிரண்டு கொள்கைகள், அவ்வளவே. அஜைல் முறைகளில் ஒன்றான ஸ்க்ரம்மின் வழிகாட்டி, 2020 பதிப்பில், ஒரு டீமில் பொதுவாகப் பத்துப் பேர் அல்லது அதற்குக் குறைவு என்கிறது. உங்கள் முப்பது பேர் கம்பெனியில் அப்படி மூன்று டீம் வரும். நூற்றுக்கணக்கானவர்களை ஒருங்கிணைக்கும் கட்டமைப்புகள் பற்றி மாநாட்டில் கேட்டிருந்தால் அந்தப் பக்கங்களை மட்டும் தள்ளி வையுங்கள், அவை பெரிய கம்பெனிக்குத்தான் என்று அவர்கள் சொல்வது நியாயம்தான். அதே பதிப்பு, தினசரி 15 நிமிட மீட்டிங்கில் கேட்கப்படும் 'நேற்று என்ன, இன்று என்ன, தடை என்ன' என்ற மூன்று கேள்விகளை எடுத்துவிட்டது. இன்னும் பல ஆபீஸில் அது வருகைப் பதிவு எடுப்பதுபோல் நடந்துகொண்டிருக்கிறது, லீன் காபியில் கட்டாயம் ஒரு சீட்டு இதைப் பற்றி வரும்.

ஒரு தடை நிஜமானது. நம்ம பக்கத்துச் சின்னக் கம்பெனிகளில் பல, விலையும் தேதியும் முன்கூட்டியே முடிவான கான்ட்ராக்டில் ஓடுகின்றன. அங்கே திட்டத்தை நடுவில் மாற்றுவது லேசில்லை. ஆனாலும் வாரத்துக்கு ஒருமுறை இருபது நிமிடம் திரையைப் பகிர்ந்து, முடிந்த மட்டும் காட்டலாம். கான்ட்ராக்டில் ஒரு வரிகூட மாற்றாமல் இதைத் தொடங்க முடியும்.

கூட்டத்தில் கிளையன்ட் பெயர், கான்ட்ராக்ட் தொகை, எந்தக் கம்பெனியின் எந்த ரிலீஸ் படுத்தது என்பது வெளியே போகக்கூடாது என்று முதல் நிமிடத்திலேயே எல்லாரிடமும் வாக்கு வாங்குங்கள். ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள்தான் எல்லாரும். மாநாட்டில் போனில் எடுத்த ஸ்லைடு படங்களை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். யாருடைய கருத்து என்று பெயர் சொல்லி, உங்கள் வார்த்தையில் சொன்னால் போதும்.

அந்த நோட்டைக் கூட்டத்துக்கு எடுத்துப் போங்கள், ஆனால் மூடியே வைத்திருங்கள். யாராவது ஒரு சீட்டில் 'எஸ்டிமேட் எப்பவும் தப்பாகவே போகுது' என்று எழுதியிருந்தால், அப்போது அந்தப் பக்கத்தைத் திறங்கள்.